"ஆம்" என்று நிரப்பிய கட்டத்துக்குப் பின்னால்: சட்ட வடிவமைப்பைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் நிலைத்தன்மை அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது. ஊர்மக்கள், முதலீட்டாளர்கள், பணியாளர்கள், வாடிக்கையாளர்கள், சரக்கு தருபவர்கள் என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு தரப்புக்கும் குறைதீர்க்கும் முறை உண்டா என்று கேட்கும். உண்டு என்றால் அதன் இணைய முகவரியையும் கேட்கும். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டிலிருந்து இதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். நான் புரட்டிய அறிக்கைகளில் "ஆம்" என்ற பதிலுக்குப் பஞ்சமே இல்லை. முகவரியைத் தட்டினால் ஆங்கிலத்தில் நீண்டதொரு பிடிஎஃப் திறக்கும். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ, ஆலையின் கழிவுநீர் போகும் பக்கம் நிலம் வைத்திருப்பவருக்கோ அந்த "ஆம்" எந்த வகையிலும் போய்ச் சேர்வதில்லை.

இந்த இடைவெளியை அடைப்பதற்கான வேலைமுறைதான் சட்ட வடிவமைப்பு. சட்ட ஆவணத்தைப் பயன்படுத்தப் போகிறவரை முதலில் வைத்து, அவர் செய்ய வேண்டிய காரியத்தை அவரால் செய்ய முடிகிறபடி ஆவணத்தையும் அதைச் சுற்றிய நடைமுறையையும் அமைப்பது. 2013-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஹேகன் இதற்கென்றே ஓர் ஆய்வகத்தைத் தொடங்கினார். ஒப்பந்தங்களை வாசிக்கத்தக்கதாக ஆக்குவதில் பின்லாந்தின் ஹெலினா ஹாப்பியோ பல ஆண்டுகளாக உழைத்துவருகிறார். வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும். வேலைக்கு வருவோம்.

நிறுவனத்தின் சட்டப் பிரிவு, மனிதவளப் பிரிவு, இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) குழு ஆகியவற்றில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்களைத் திருப்பூர் பின்னலாடைத் தொழிலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்), உள்ளூர் சட்டம், வெளிமாநிலத் தொழிலாளர், ஆற்றுநீர் எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கும் தொழில் அது.

ஒரே ஓர் ஆவணத்தை எடுங்கள்

எல்லாக் கொள்கைகளையும் எளிமையாக்கப் போகிறோம் என்று மேலிடத்தில் அறிவித்துவிடாதீர்கள். அப்படித் தொடங்கும் திட்டங்கள் லோகோ மாற்றத்தில் முடிகின்றன. அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் தானாகவே பயன்படுத்தியாக வேண்டிய ஆவணம் எது என்று பாருங்கள். சம்பளச் சீட்டாக இருக்கலாம், ஜாப் ஒர்க் யூனிட்டுகளிடம் கையெழுத்து வாங்கும் நடத்தை விதியாக இருக்கலாம். இந்தக் கட்டுரைக்குப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் சுவரில் ஒட்டியாக வேண்டிய அறிவிப்பை எடுத்துக்கொள்கிறேன். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, துன்புறுத்தலுக்கு என்ன தண்டனை என்பதையும் உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த உத்தரவையும் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. எல்லாக் கம்பெனியிலும் ஒட்டியிருப்பார்கள். அதை நின்று படிக்கும் ஒருவரைப் பார்ப்பதுதான் அரிது.

யாருக்காக என்று எழுதிவையுங்கள்

செபியின் படிவம் ஒவ்வொரு தரப்பையும் பற்றி, அது பலவீனமான அல்லது ஒதுக்கப்பட்ட பிரிவா என்று தனியாகக் கேட்கிறது. பலரும் அவசரமாகத் தாண்டிப்போகும் இந்தக் கேள்விதான் நமக்கு வேலையைத் தொடங்கித் தருகிறது. "பணியாளர்கள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். விடுதியில் தங்கியிருக்கும் பத்தொன்பது வயதுப் பெண், ஒடிசாவிலிருந்து குழுவாக வந்தவர்கள், கான்ட்ராக்டர் மூலம் வந்ததால் கம்பெனி அடையாள அட்டையே இல்லாத செக்கிங் ஆள். இவர்கள் மூவரும் ஒரே அறிவிப்பை ஒரே மாதிரி பயன்படுத்த மாட்டார்கள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாசலருகே வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னது. நல்ல விதிதான். ஆனால் "பெரும்பான்மை" என்ற சொல்லில் ஒடியாவும் வங்காளமும் பேசுகிறவர்கள் நழுவிப்போகிறார்கள். 2025 நவம்பரில் இந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபிறகு பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய அறிவிப்பை அப்படியே நகலெடுப்பவர்கள் அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணாக இருந்தாலும், சட்டம் கேட்பது குறைந்தபட்சம். உங்கள் ஆலையில் எத்தனை மொழி பேசுகிறார்கள் என்பது விடுதிப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆலை மதிலுக்கு வெளியேயும் பார்க்கப் பழக வேண்டும். நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் திருப்பூரின் சாயப்பட்டறைகளுக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் அல்லர், ஆற்றோடு கீழே போனால் வரும் ஆயக்கட்டு விவசாயிகள். எந்தப் பட்டறையின் பார்வையாளர் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருந்திருக்காது. அவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய்த் திரும்பி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும்வரை வந்தது. உங்கள் தரப்புப் பட்டியலைத் தயாரிக்கும்போது தண்ணீர் எங்கே போகிறது, லாரி எந்தத் தெரு வழியாகப் போகிறது, சரக்கு எந்த வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டப்படுகிறது என்று வழியைப் பிடித்துக்கொண்டு போங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து போடும் பட்டியலில் அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்கள்தான் இருப்பார்கள்.

புகார் போகும் வழியில் நீங்களே நடந்து பாருங்கள்

இந்த வேலையில் அதிகம் கற்றுத்தருவது இந்தப் படிதான். பலர் தவிர்ப்பதும் இதைத்தான்.

ஒரு ஷிப்ட் தொடங்கும்போது உள்ளே போங்கள். அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நூற்பாலையில் அது டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு மேலே இருந்தது. அதைப் படிக்க வேண்டுமென்றால் காவலாளியின் மேசைக்கு முன்னால், வரிசையில் நிற்பவர்கள் பார்க்க, தலையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். புகார்ப் பெட்டி மேலாளர் அறை வாசலில் இருந்தது. நேர் மேலே கண்காணிப்பு கேமரா. பெட்டியின் சாவி யாரிடம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். பெட்டிக்குள் கிடந்தது ஒரு பிஸ்கட் உறை. நிர்வாகம் அதையே "புகார் எதுவும் இல்லை" என்று அறிக்கையில் எழுதியிருந்தது.

நடக்கும்போது சில கேள்விகளுக்குப் பதில் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்துவிடுகிறார்களா? அப்படியென்றால் அறிவிப்பில் போட்டிருக்கும் எண்ணை எப்போது, எங்கிருந்து அழைப்பது? இரவு ஷிப்ட்டில் குழு உறுப்பினர் ஒருவராவது இருக்கிறாரா? தொழிலாளிக்கு ஒரு பிரச்சினை என்றால் இப்போது முதலில் யாரிடம் சொல்கிறார்? பெரும்பாலும் அது ஊர்க்காரர் ஒருவராகவோ, விடுதி வார்டனாகவோ, பக்கத்து மெஷின் அக்காவாகவோ இருக்கும். புதிய முறையை அந்த ஆளைச் சுற்றி அமைத்தால் நிற்கும். அவரைத் தாண்டி அமைத்தால் பெட்டியில் மறுபடியும் பிஸ்கட் உறைதான்.

பேட்டி எடுக்கும்போது சூப்பர்வைசர் கூட இருக்கக் கூடாது. உற்பத்திக் கணக்கில் பேட்டி நேரத்தைப் பிடிக்கவும் கூடாது. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு உங்களோடு பேசும் அரைமணி நேரம் கூலி இழப்பு. தொழிற்சங்கம் இருந்தால் அதனிடம் முதலிலேயே போங்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் இதற்கு நல்ல முன்னுதாரணம். ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022 ஏப்ரலில் ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்தது. சரக்கு வாங்கும் எச்&எம் நிறுவனமும் தனியாகக் கையெழுத்திட்டுத் தன்னைச் சட்டப்படி கட்டிக்கொண்டது. தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுப்பது அதன் உயிர்நாடி. காகிதத்தை வடிவமைப்பதற்கு முன்னால் யார் கையில் அந்தக் காகிதம் இருக்கும் என்பதை அது வடிவமைத்தது.

வாக்குறுதியைச் சரிசெய்யாமல் வார்த்தையைத் தொடாதீர்கள்

மோசமான விதியை எளிய தமிழில் எழுதினால் மோசம் எளிதாகப் புரியும், அவ்வளவுதான். ஆகவே எழுதுவதற்கு முன்பு, சட்டம் தருவது என்ன, கம்பெனி தருவது என்ன, நடைமுறையில் நடப்பது என்ன என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். மூன்றும் ஒத்துப்போகாத இடங்கள்தான் உங்கள் உண்மையான வேலை.

நம் உதாரணத்தில், சட்டம் தரும் பல நல்ல விஷயங்கள் சுவர் அறிவிப்பில் காணாமல்போயிருக்கும். புகாரை எழுத்தில் தர வேண்டும் என்பதைப் போட்டிருப்பார்கள். எழுத இயலாதவருக்குக் குழுவே எழுதித்தர உதவ வேண்டும் என்று அதே 9-ஆவது பிரிவு சொல்வதை விட்டிருப்பார்கள். பொய்ப் புகாருக்கு நடவடிக்கை என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே நடவடிக்கைக்குக் காரணமாகாது என்று அதே 14-ஆவது பிரிவில் இருப்பதைப் போட்டிருக்க மாட்டார்கள். இதைத் தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அறிவிப்பை எழுதுகிறவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது எழுத்தின் பருமனில் தெரிந்துவிடும்.

குறைதீர்ப்பு முறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, 2011-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. வணிகம் மற்றும் மனித உரிமை வழிகாட்டு நெறிகளில் 31-ஆவது நெறி ஒரு நல்ல அளவுகோல். நம்பத்தக்கதா, எட்டக்கூடியதா, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிகிறதா என்று அது கேட்கிறது. வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டில் கேட்கும் கேள்விகளின் வேரும் பெரும்பாலும் இதுதான். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் புகார் முறையை அங்குள்ள பெரிய நிறுவனங்களின் கடமையாகவே ஆக்கிவிட்டது. மேலிடத்தை இணங்கவைக்க இந்த வாதம் பயன்படும்.

இப்போது எழுதுங்கள்

வழக்கமான அறிவிப்பின் நடை இப்படி இருக்கும்: "மேற்படி சட்டத்தின் பிரிவு 9, உட்பிரிவு 1-இன்படி, பாதிக்கப்பட்ட பெண் எவரும் சம்பவம் நிகழ்ந்த தேதியிலிருந்து மூன்று மாத காலத்திற்குள்ளாகவும், தொடர் சம்பவங்களாக இருப்பின் கடைசிச் சம்பவம் நிகழ்ந்த தேதியிலிருந்து மூன்று மாத காலத்திற்குள்ளாகவும் உள்ளகக் குழுவிடம் எழுத்து வடிவில் புகாரினைச் சமர்ப்பிக்கலாம்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் மனத்தில் ஓடும் கேள்வியின் வரிசையில் இது இல்லை. யாரிடம் சொல்வது, சொன்னால் என் வேலை போய்விடுமா, ஊருக்குத் தெரிந்துவிடுமா என்பதுதான் அவர் வரிசை. அந்த வரிசையிலேயே எழுதிப் பார்ப்போம்:

> வேலை இடத்தில் யாராவது உங்களிடம் தவறாக நடந்துகொண்டால்
>
> யாரிடம் சொல்லலாம்? கீழே படத்தில் இருக்கும் நால்வரில் யாரிடமும் சொல்லலாம். இவர்களில் ஒருவர் நம் கம்பெனியைச் சேராதவர்.
>
> எழுத வராதே? பரவாயில்லை. நீங்கள் சொல்லுங்கள், எழுத உதவ வேண்டியது அவர்கள் கடமை.
>
> எவ்வளவு நாளுக்குள்? கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதம். சொல்ல முடியாத நிலை இருந்திருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை தரலாம்.
>
> அவரோடு அதே லைனில் உட்கார வேண்டுமா? விசாரணை நடக்கும்போது உங்களையோ அவரையோ இடம் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம்.
>
> வெளியே தெரியுமா? உங்கள் பெயரையும் புகாரையும் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது.
>
> எப்போது முடியும்? 90 நாளுக்குள் விசாரணை. அதிலிருந்து 10 நாளுக்குள் அறிக்கை உங்கள் கையில். அதன்பின் 60 நாளுக்குள் கம்பெனி நடவடிக்கை எடுக்க வேண்டும்.
>
> நிரூபிக்க முடியவில்லை என்றால்? அதற்காக மட்டும் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.
>
> முதலாளிமேலேயே புகாரா? மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம்.

தலைப்பு எல்லாம் வாசிப்பவரின் கேள்வி. பிரிவு எண்கள் வேண்டுமென்றால் கடைசியில் சிறிய எழுத்தில் போடலாம்; வழக்கறிஞர்கள் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். சட்டம் சொல்லும் தண்டனை விவரத்தையும் குழு அமைத்த உத்தரவையும் இதன் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். எளிமையாக்குகிறோம் என்று அதை எடுத்துவிட முடியாது. "பழிவாங்கப்பட மாட்டீர்கள்" என்று சும்மா எழுதாதீர்கள். பழிவாங்கினால் யாரிடம், எந்த எண்ணில் சொல்வது என்பதையும் சேர்த்து எழுத முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

படம், குரல், இடம்

படம் போட்டால் வடிவமைப்பு ஆகிவிடும் என்ற எண்ணம் புதியவர்களிடம் வலுவாக இருக்கிறது. படம் வேலை செய்யும் இடமும் உண்டுதான். தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் ராபர்ட் டி ரூய், பழத்தோட்டத் தொழிலாளர்களுக்காகப் படக்கதை வடிவில் வேலை ஒப்பந்தங்களை உருவாக்கினார். ஒப்பந்தத்தின் இரு தரப்பும் அதில் கதாபாத்திரங்கள். வேலை நேரம், கூலி, தவறு செய்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் காட்சிகளாக வரும். தொழிலாளி கையெழுத்திடுவதும் அந்தப் படக்கதையில்தான். அங்கே படம் அலங்காரம் இல்லை, ஒப்பந்தமே அதுதான். நம் வழக்கமான சுவரொட்டியில் மூலையில் கைகூப்பி நிற்கும் கார்ட்டூன் பெண்ணை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது.

நம் அறிவிப்புக்கு மிகவும் பயன்படும் படம் குழு உறுப்பினர்களின் புகைப்படம். பெயர் தெரியாவிட்டாலும் கேன்டீனில் ஆளை அடையாளம் கண்டுகொள்ள முடியும். அடுத்தது குரல். தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் ஆகிய மொழிகளில் இரண்டு நிமிடப் பதிவு, வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளத் தக்கதாக. மொழிபெயர்ப்பை நிறுவனங்களிடம் கொடுத்தாலும், பதிவு செய்வதற்கு முன்பு அந்த மொழி பேசும் தொழிலாளி ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அச்சு இந்தியில் வரும் வார்த்தைகள் பல, பீகார்க்காரர் வாயில் வருவதில்லை.

ஒட்டும் இடமாகப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தைப் பரிந்துரைத்தால் நிர்வாகத்தில் முகம் சுளிப்பார்கள். ஆலைக்குள் யாரும் பார்க்காமல் நின்று படிக்கக்கூடிய இடம் வேறு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சுளிப்பு தானாக அடங்கும்.

வழக்கறிஞரோடு ஒரு சண்டை

வரைவு சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்பும்போது அடியில் ஒரு வரி கூடியிருக்கும்: "தமிழ் வடிவத்துக்கும் ஆங்கில வடிவத்துக்கும் முரண்பாடு எழுந்தால் ஆங்கில வடிவமே செல்லும்." இந்த வரியை ஒப்புக்கொள்ளாதீர்கள். படிக்கத் தெரிந்த வடிவத்தை நம்பி நடந்தவர், படிக்கத் தெரியாத வடிவத்தால் கட்டுப்படுவார் என்பது அதன் பொருள். முரண்பாடு வரும் என்ற பயம் இருந்தால் இரண்டையும் சரிபார்ப்பதுதான் சட்டப் பிரிவின் வேலை. சொன்னதும் கேட்க மாட்டார்கள். "தொழிலாளிக்கு எது சாதகமோ அது செல்லும்" என்று மாற்று வரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

புரியும் மொழியில் சொல்வது சலுகை இல்லை என்பதற்கு வாதங்களும் இருக்கின்றன. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அந்த 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அதற்கும் முன்பே, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தின் முடிவில் மக்கள் சொன்ன கருத்துகளின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் அவர்களுக்கே வாசித்துக்காட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறது. சொன்னது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று சொன்னவரே சரிபார்க்கும் ஏற்பாடு. அரசிதழில் இருக்கும் அருமையான யோசனைகளில் ஒன்று. கம்பெனிக் கூட்டங்களிலும் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

"புரிகிறதா?" என்று கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு சூழ்நிலையைச் சொல்லுங்கள்: "கவிதா என்று ஒரு பெண் இருக்கிறார். லைன் சூப்பர்வைசர் போன மாதத்திலிருந்து தினமும் தொந்தரவு செய்கிறார். கவிதாவுக்கு எழுதத் தெரியாது. இந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு அவர் நாளைக்கு என்ன செய்யலாம்?" அறிவிப்பைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். விரல் எந்த வரியில் நிற்கிறது, எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் நாலைந்து பேரிடம் இப்படிச் செய்தாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். திருத்தி, வேறு நாலைந்து பேரிடம் மறுபடியும் காட்டுங்கள். "நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் நான் சொல்ல மாட்டேன்" என்று ஒருவராவது சொல்வார். அவரிடம் அதிக நேரம் செலவிடுங்கள். அவர் தரும் காரணத்தை எந்த எழுத்துருவாலும் சரிசெய்ய முடியாது. நடைமுறையைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒட்டிய பிறகு

மேலிடத்திடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவையுங்கள்: அறிவிப்பு வேலை செய்தால் புகார் எண்ணிக்கை கூடும். முன்பு பூஜ்யம் என்று எழுதிய கட்டத்தில் இப்போது ஓர் எண் வரும். பதறிப்போய் யாரும் அறிவிப்பைக் கழற்றச் சொல்லாமலிருக்க, பூஜ்யத்துக்குக் காரணம் என்ன என்று நீங்கள் நடந்து பார்த்த குறிப்புகளை அப்போதே காட்டிவிடுங்கள். செபியின் படிவத்தில் புகார் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், ஆண்டு முடிவில் தீராமல் நிற்பவை எத்தனை என்பதற்கும், குறிப்பு எழுதுவதற்கும் இடம் இருக்கிறது. எண் ஏன் கூடியது என்பதை அந்தக் குறிப்பில் நேராக எழுதலாம்.

வந்த குறைகளில் ரகசியம் தேவைப்படாதவற்றுக்கு, குடிநீர், பஸ் நேரம், கழிப்பறைப் பூட்டு போன்றவற்றுக்கு, என்ன செய்தோம் என்று மாதம் ஒருமுறை அதே இடத்தில் எழுதி ஒட்டுங்கள். செய்ய முடியாததையும் காரணத்தோடு எழுதுங்கள். பெரிய புகாரைச் சொல்லலாமா என்று யோசிப்பவர், பூட்டு மாற்றினார்களா என்பதைத்தான் முதலில் கவனிப்பார். குழு உறுப்பினர் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே படத்தை மாற்ற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தீபாவளி, ஹோலி முடிந்து ஊரிலிருந்து புது ஆட்கள் வரும் வாரத்தில் "கவிதா" சோதனையை மறுபடி நடத்துங்கள். அந்தக் குழுவில் புதிய மொழி ஒன்று இருந்தால், குரல் பதிவு அந்த வாரமே தயாராக வேண்டும்.